ஐம்பத்தைந்து விகலை

மலைக்குக் கீழே வெண்மணல்.
புதிதாய் வருகிறவர்கள் பனி என்பார்கள்,
சிலர் உப்பு.
ஜிப்சம் என்று சொன்னால் முகம் வாடும்.
நியூ மெக்சிகோவில் அக்டோபர் முடிவதற்குள்
மலைமேல் நிஜமாகவே பனி விழுந்துவிட்டால்
மேலும் வெள்ளை, கீழும் வெள்ளை;
நடுவில் எங்கள் தொலைநோக்கி
வெளுத்ததெல்லாம் பாலா என்று
வானத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

என் வேலை கோடு கிழிப்பது.
ஐந்து நிறக் கண்ணாடி வழியே ஐந்து முறை எடுத்த வெளிச்சம்:
புற ஊதா, பச்சை, சிவப்பு,
அப்புறம் கண்ணுக்கு எட்டாத சிவப்பு இரண்டு.
ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துத் தாளில் புள்ளி வைத்தால்
நட்சத்திரங்கள் ஆறாய் வளைந்து ஓடும்.
ஆற்றில் சேராமல் கரையில் நிற்கிற நீலத்தைக்
குவேசார் என்று எழுதுவேன்.
பெரும்பாலும் சரி.

பெரும்பாலும்.

ஒரு தூரத்துக்கு அப்பால்
குவேசாரும் ஆற்றில் இறங்கிவிடும்.
பேரண்டம் விரிந்து ஒளியை இழுத்த இழுப்பில்
நிறம் மாறி,
பக்கத்துத் தெரு நட்சத்திரம் போலச்
சாதுவாய் நிற்கும்.
கோட்டை இறுக்கினால் அது போச்சு.
தளர்த்தினால் குப்பையெல்லாம் உள்ளே.
தூய்மை, முழுமை என்ற இரண்டு சொல்லும்
எங்கள் கூட்டங்களில் அடித்துக்கொள்ளும்.
நான் எப்போதும் தூய்மைக்குக் கை தூக்கியவன்.

பெனில்டே செடியோவுக்கு இந்தக் கவலை கிடையாது.
அவளிடம் வருவது அலுமினியத் தகடு,
அறுநூற்று நாற்பது துளை.
ஒவ்வொன்றிலும் கண்ணாடி இழை ஒன்றைச் செருகுவாள்
முக்கால் மணி நேரம்,
ரேடியோவில் ரான்செரா பாட்டு ஓட.
எந்த இழை எந்தத் துளை என்பது அவள் பாடு இல்லை;
பின்னால் லேசர் தடவிக் கண்டுகொள்ளும்.
சில துளைகள் வெற்று வானத்துக்கு.
“ஒன்றுமில்லாததற்குமா?” என்று முதல் வருஷம் கேட்டாள்.
இருட்டிலும் கொஞ்சம் வெளிச்சம் உண்டு,
அதைக் கழிக்கவேண்டும் என்றேன்.
சம்பளத்தில் வரி மாதிரி என்றாள்.

அந்தத் தகட்டுக்காக நான் புள்ளி பொறுக்கியபோது
இரண்டு நீலங்கள் ஒட்டி நின்றன.
இடையே ஐம்பத்தைந்து விகலை கூட இல்லை;
தகட்டில் அது ஒரு தீக்குச்சித் தலை.
இரண்டு இழைகள் அங்கே தோளோடு தோள் நிற்க முடியாது.
ஒன்றுக்குத்தான் துளை.
அதிக நீலத்துக்குக் கொடுத்தேன்.
மற்றது ஆற்றோரம், கால் நனைந்து நின்றது.
பாதிக்குப் பாதி என்றது கணினி.

நிறமாலை வந்தது விடியற்காலை நாலேகாலுக்கு.
ஹைட்ரஜன் கோடுகள் அகல அகலமாய்,
பள்ளம் பள்ளமாய்.
வெண்குறுமீன்.
முன்னூறு ஒளியாண்டு இருக்கும்,
அடுத்த வீட்டு அடுப்பில் ஆறும் தணல்.
வெண்டல் ஹ்ருஸ்கா பதிவேட்டில்
‘நட்சத்திரம்’ என்று அடித்துவிட்டுக்
காபி ஊற்றப் போனான்.

மற்றதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.
ஆயிரத்து நூறு கோடி வருஷம் நடந்து வந்து
துளையில்லாத உலோகத்தில் முட்டி
நின்றிருக்கலாம்.
அல்லது
அதுவும் சும்மா ஒரு நட்சத்திரமாக இருக்கலாம்.
இந்த ‘அல்லது’வோடுதான்
அந்த வாரம் முழுக்கப் பல் தேய்த்தேன், வண்டி ஓட்டினேன்.

கழித்துப்போட்ட தகட்டைப் பெனில்டே கேட்டு வாங்கினாள்;
துலரோசாவில் அவள் சமையலறை ஜன்னலுக்கு வெயில் மறைப்பு.
நான் போனபோது
தரையெல்லாம் வட்ட வட்டமாய் வெளிச்சம்.
“எல்லாம் ஒரே நட்சத்திரம்.
இதில் உங்களுக்குத் தப்பே வராது”
என்று சிரித்தபடி
சுட்ட மிளகாய்க்குத் தோலுரித்தாள்.

குந்தி உட்கார்ந்து
வெண்குறுமீனின் வட்டம் எது என்று தேடினேன்,
அதை ஒட்டிய நிழலுக்காக.
வெயில் நகர்ந்துகொண்டே இருந்தது.